ஜவ்வரிசி ஜாவாவிலிருந்து வரவில்லை: ஒரு திருத்தம்

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் சேலம் ஜவ்வரிசி பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். "ஜாவாவிலிருந்து கப்பலில் வந்ததால் ஜாவா அரிசி, அதுவே மருவி ஜவ்வரிசி" என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். சொந்தக்காரர்கள் வாட்ஸாப்பில் சுற்ற விட்டார்கள். தங்கை மகள் அதைப் பார்த்துப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சார்ட் எழுதிப் பரிசும் வாங்கிவிட்டாள்.

அது தப்பு. தப்பு என்று தெரிந்துகொள்ள நான் பெரிய நூலகம் எதற்கும் போக வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் காதில் விழுந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அதை யோசிக்காமல் விட்டதுதான் என் குற்றம். இந்தக் கட்டுரை அந்தக் குறிப்புக்குத் திருத்தம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பற்றி. ராசிபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம் போகிறவர்களுக்கு ரோட்டோரத்தில் வெள்ளை வெளேரென்று காயும் களங்கள் தெரிந்திருக்கும். குச்சிக்கிழங்கு (புத்தகத்தில் மரவள்ளி) லாரி லாரியாக வந்து இறங்கும். தோலுரித்து, அரைத்து, பாலைப் பிழிந்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் மாவை உருட்டி, வறுத்து, களத்தில் காயப்போட்டால் ஜவ்வரிசி. பிழிந்த சக்கைக்குப் பேர் திப்பி, அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். 1981-இல் இந்த ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் கிழங்கு நம்முடையது இல்லை. தென் அமெரிக்கப் பயிர், போர்த்துகீசியர் வழியாக வந்தது. ஜவ்வரிசியும் ஆதியில் கிழங்கில் செய்ததில்லை. மலுக்குத் தீவுகள், நியூகினி பக்கத்துச் சதுப்பு நிலங்களில் வளரும் ஒரு பனை மரம் இருக்கிறது. பூக்கும் முன் வெட்டி, நடுத்தண்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் மாவுச்சத்தை அலசி எடுப்பார்கள். அதுதான் அசல். இரண்டாம் உலகப் போரில் கிழக்கிலிருந்து கப்பல் வருவது நின்றபோது, சேலத்து வியாபாரிகள் அதே உருண்டையைக் குச்சிக்கிழங்கு மாவில் செய்து பார்த்தார்கள். ஒட்டிக்கொண்டது. இன்றைக்குப் பாயசத்தில் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது ஒரு காலத்தில் பனைமரத்து மாவு என்று தெரியும்?

சரக்கு கடல் தாண்டி வந்தது என்பது வரை என் பழைய குறிப்பு சரி. 'ஜாவா' என்று காதில் விழுந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். ஓசை ஒத்துப் போனால் மனசு உடனே சமாதானம் ஆகிவிடுகிறது.

சந்தேகம் வந்தது ஆபீஸ் வேலைக்கு நடுவே. எங்கள் டீமில் ஒருவர் போலந்துக்காரர், ஒருவர் செக்குக்காரர். வாராந்திர கூட்டம் தொடங்க நேரமானால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வார்கள். ஒருநாள் பேச்சு ரொட்டிக்குப் போனது. போலிஷில் 'ஹ்லெப்', செக்கில் 'ஹ்லேப்', ரஷ்யனிலும் அதேதான். ஆனால் 'செர்ஸ்த்வி' என்ற அடைமொழியைச் சேர்த்தால் செக்கில் அப்போதுதான் சுட்ட புது ரொட்டி. போலிஷில் காய்ந்து போன பழைய ரொட்டி! ஒரே சொல், நேர் எதிர் அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் எங்கள் பக்கத்துத் தெலுங்கு வீட்டுக் கல்யாணங்களில் இது தினமும் நடக்கும். நாம் 'அவசரம்' என்றால் பதறுகிறோம். தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. "அவசரம் லேது" என்று அவர்கள் சொன்னால் மெதுவாகப் போகலாம் என்று அர்த்தமில்லை, வேண்டாம் என்று அர்த்தம். சமஸ்கிருதத்தில் அந்தச் சொல்லுக்குச் சந்தர்ப்பம், சமயம் என்று பொருள். நாம் ஒரு பக்கம் இழுத்தோம், அவர்கள் ஒரு பக்கம்.

அன்றைக்கு ராத்திரி ஸ்லாவிய மொழிகள் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தவன், 'ஹ்லெப்' ஸ்லாவியச் சொல்லே இல்லை என்பதில் வந்து நின்றேன். பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து எடுத்த கடன் அது. ஆங்கிலத்தில் 'லோஃப்' என்கிறோமே, அதற்கு உடன்பிறப்பு. தினம் தின்கிற ரொட்டிக்கே அயல்வீட்டுப் பேர். சரி, நாம் தினம் புழங்குவது மட்டும் என்ன? சாவி, ஜன்னல், மேசை, அலமாரி நான்கும் போர்த்துகீசியம். பிலிக்கல்பாளையத்தில் வெல்லம் ஏலம் விடுகிறார்களே, அந்த 'ஏலம்' போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அவர்களுக்கு அது அரபியிலிருந்து போனது. பாக்கி, வசூல், ஜப்தி, தாசில்தார் எல்லாம் அரபி, பாரசீகம். 1792-இல் திப்புவிடமிருந்து பாரமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்து, கேப்டன் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே வரி போட்டபோது, முன்பே இருந்த அந்தச் சொற்களைக் கம்பெனியும் அப்படியே எடுத்துக்கொண்டது. இன்றும் கடன் கட்டாதவன் வீட்டு வாசலில் நாம் பேசுவது பாரசீகம்தான்.

அதே ராத்திரிதான் பக்கத்து வீட்டு அஜ்ஜி ஞாபகம் வந்தது.

நான் வளர்ந்த தெருவில் பாதி வீடு தறிக்காரர்கள், வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள். அந்த வீட்டுப் பாட்டியை அவர்கள் அஜ்ஜி என்பார்கள், நாங்களும் அஜ்ஜி என்போம். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பேசி குரல் பெரிசு. "ஆலு பேக்கா கண்ணு?" என்று பால் டம்ளரை நீட்டும். பாலுக்கு ஆலு. அஜ்ஜியின் பேரன் என்னோடு படித்தான். இரண்டாம் வகுப்பில் "மாடு என்ன கொடுக்கும்?" என்று கேட்டபோது அவன் "ஆலு" என்று சொல்லிவிட்டான். வகுப்பே சிரித்தது, நானும்தான். வாத்தியார், "இவங்க தமிழையே கடிச்சுத் துப்பிப் பேசறவங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். கன்னடம் என்பது கெட்டுப்போன தமிழ், தெலுங்கு என்பது இன்னும் கெட்டுப்போன தமிழ். இப்போதும் எனக்கு வாரம் ஒரு வாட்ஸாப் செய்தியாவது இதையே சொல்லிக்கொண்டு வருகிறது.

ஆலு கடித்துத் துப்பியதில்லை. இதோ பாருங்கள். பால் கன்னடத்தில் ஹாலு. பல் ஹல்லு. புலி ஹுலி. பூ ஹூவு. பத்து ஹத்து. பன்றி ஹந்தி. புழு ஹுளு. போ என்பது ஹோகு. ஒரு வார்த்தை மாறியிருந்தால் நாக்குப் புரளல் எனலாம். வரிசையாக அத்தனையும் ஒரே மாதிரி மாறினால் அது விதி. எங்கள் தொழிலில் சொல்வதென்றால், யாரோ முழு ஃபைலிலும் ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ் போட்டிருக்கிறார்கள். சொல்லின் முதலில் வந்த பகரம் ஹகரமானது. பழைய கன்னடக் கல்வெட்டுகளிலும் பம்பன் எழுதிய பத்தாம் நூற்றாண்டுக் காவியத்திலும் பகரமே இருக்கிறது. அந்த வாக்கில் ஹகரம் தலைகாட்டி, 14-ஆம் நூற்றாண்டுக்குள் பெரும்பாலும் இடத்தைப் பிடித்துவிட்டது. பேச்சில் அந்த ஹகரமும் உதிர்ந்தால் அஜ்ஜியின் ஆலு. பால், ஹாலு, ஆலு. படிப்படியாக இறங்கி வந்த சொல்.

இதைப் பார்க்க ஊர்ப்பேர் போதும். 1965-இல் தர்மபுரி தனி மாவட்டமாகும் வரை ஒகேனக்கல் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை. கல் இரண்டு பேருக்கும் கல்தான். தண்ணீர் விழுந்து புகை மாதிரி எழும்பும் பாறை. நாம் அதை எழுதும்போது ஹகரத்தைத் தூக்கிவிட்டு ஒகேனக்கல் என்கிறோம், அஜ்ஜி ஆலு என்ற மாதிரியே! ஓசூரும் அப்படித்தான். ஹொஸ என்றால் புதிய. ஹொஸ ஊரு என்றால் நம் புதூர். நாமக்கல் பக்கம் எத்தனை புதூர் இருக்கிறது என்று எண்ணி முடியாது. ரஷ்யாவில் நோவ்கொரத் என்று ஒரு பழைய நகரம் உண்டு. நோவ் என்றால் புதிய, கொரத் என்றால் நகரம். அதுவும் புதூர்தான்.

"பார்த்தீங்களா, பால் தமிழ்ல பால்தான், கன்னடத்துல மாறிடுச்சு, அப்போ தமிழ்தானே மூலம்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அடுத்த பட்டியலைப் பார்த்ததும் வாயடைத்துப் போனேன்.

செவி கன்னடத்தில் கிவி. சேரி அங்கே கேரி. செம்மை, சிவப்பு என்கிற நமக்கு எதிரே அங்கே கெம்பு. பெங்களூரைக் கட்டிய கெம்பேகௌடாவின் கெம்ப, நம் ஊர்ச் செம்பன். இங்கே மாறியது யார்? நாம். இ, எ ஓசைகளுக்கு முன்னால் ககரம் சகரமாகத் திரிவது உலகம் முழுக்க நடப்பது. லத்தீனில் நூறு 'கெந்தும்', இத்தாலியனில் அதே எழுத்து 'சென்தோ' ஆகிவிட்டது. ரஷ்யனில் கண் 'ஓக்கோ', இரண்டு கண் என்றால் 'ஓச்சி'. அதே வேலை தமிழிலும் தெலுங்கிலும் நடந்தது. கன்னடம் பழைய ககரத்தை விடாமல் வைத்துக்கொண்டது. அசோகரின் கல்வெட்டில் சேரரைக் 'கேரளபுத்திர' என்று ககரம் போட்டு எழுதியிருப்பதும் இந்தக் கதையைச் சேர்ந்ததுதான்.

அப்படியானால் கேள், கிழவன், கிணறு, கெடு, கிளி இதெல்லாம் ஏன் சேள், சிழவன் ஆகவில்லை? இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அந்த வார்த்தைகளில் அடுத்து வரும் மெய்யைப் பாருங்கள்: ள, ழ, ண, ட. நாக்கை மடித்து மேலே தொட்டுச் சொல்கிற ஓசைகள். அவை அடுத்து வந்தால் தமிழில் ககரம் தப்பித்துக்கொள்ளும், இல்லையென்றால் சகரமாகிவிடும். நாக்கு பின்னால் மடங்கத் தயாராகும்போது முன்னால் வர மறுக்கிறது, அவ்வளவுதான். எந்தப் புலவரும் உட்கார்ந்து போட்ட சட்டம் இல்லை. படிக்காத ஆயிரக்கணக்கான வாய்கள் சேர்ந்து இத்தனை ஒழுங்காக ஒன்றைச் செய்திருக்கின்றன என்று தெரிந்த அன்று, ஐஃப்-எல்ஸ் எழுதிப் பிழைக்கிற எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆக, பாலில் தமிழ் பழசைக் காக்கிறது, செவியில் கன்னடம் காக்கிறது. யார் யாரிடமிருந்து கெட்டுப் போனார்கள்? யாரும் இல்லை. இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு சாமானை வைத்திருக்கிறார்கள். இந்த மொழிகள் ஒரே குடும்பம் என்பதை வேர்ச்சொற்களை அடுக்கிக் காட்டி 1816-இலேயே அச்சிட்டவர் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல்தான் வந்தது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961-இல் முதலில் வந்து, 1984-இல் திருத்திய பதிப்பாக 5,500-க்கும் மேற்பட்ட பதிவுகளோடு வெளியானது. இப்போது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் காணாமல் போகின்றன.

தெலுங்கு இன்னொரு வேடிக்கை செய்தது. அவர் வாரு ஆனார், இவர் வீரு ஆனார். உரல் ரோலு ஆனது. உள் என்பது லோ ஆனது. முன்னால் இருந்த உயிர் பின்னால் தாவி, மெய் முன்னுக்கு வந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு உடனே அந்த ரஷ்யக் 'கொரத்' ஞாபகம் வந்தது. ஆதி ஸ்லாவியத்தில் அது 'கோர்ட்' மாதிரி ஒன்று. ரஷ்யன் நடுவில் இன்னோர் உயிரைப் போட்டு கொரத் என்றது. செர்பியன் இடம் மாற்றி 'கிராத்' என்றது. பெல்கிரேடு என்கிறோமே, வெள்ளை நகரம், அதன் பின்பாதி. பாலுக்கும் இதே கதி: ரஷ்யனில் 'மலக்கோ', போலிஷில் 'ம்லெக்கோ'. கிருஷ்ணா நதிக்கரைக்காரனும் டான்யூப் கரைக்காரனும் பார்த்துக்கொண்டதே இல்லை. நாக்கு செய்கிற சேட்டை மட்டும் ஒன்று.

நாமக்கல்காரன் கோழியைப் பற்றிப் பேசாமல் விட்டால் ஊரில் சேர்க்க மாட்டார்கள். கோழி கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி, துளுவில் கோரி. மங்களூர் ஓட்டலில் கோரி ரொட்டி என்று மெனுவில் பார்த்திருப்பீர்கள், நம் கோழிதான். ஒரு ழகரம் நாலு வீட்டில் நாலு விதமாகக் குடியேறியிருக்கிறது. ஆனால் முட்டைக்கு வந்தால் கன்னடத்தில் மொட்டெ, தெலுங்கில் குட்டு. தெலுங்குக்காரர் வேறு சொல்லை எடுத்துக்கொண்டார். எல்லாம் எப்போதும் பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பொருந்துகிற இடத்தில் விதிப்படி பொருந்தினால் போதும்.

விதி இல்லாமல் ஓசையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். 'எட்டுதான் எய்ட் ஆச்சு' என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த 'ஆராய்ச்சி'. கேட்க ஒரே மாதிரி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எய்ட்டின் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பாருங்கள்: லத்தீனில் ஒக்தோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. எட்டின் சொந்தக்காரர்கள் யார்? கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. தமிழிலேயே எண்பது, எண்ணூறு என்கிறோம். வேர் எண். அங்கே நடுவில் ககரமும் தகரமும், இங்கே ணகரம். ரோட்டில் ஒரே கலர் சட்டை போட்ட இரண்டு பேர், அவ்வளவுதான் உறவு. 'காசு' இதைவிடத் தந்திரமானது. கம்பெனி காலத்தில் சென்னையில் 'கேஷ்' என்று ஒரு சின்ன நாணயம் இருந்தது. அது நம் காசு, போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. ஆனால் ரொக்கப்பணம் என்ற அர்த்தத்தில் இன்று உலகம் சொல்கிற கேஷ் லத்தீன் மொழியில் பெட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, சொல் இரண்டு.

இப்போது ஜவ்வரிசிக்கு வருகிறேன். நான் பயன்படுத்தியிருக்க வேண்டிய சோதனை இதுதான்: பக்கத்து வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

என் பழைய ஊகத்துக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால், இடத்தின் பேரால் சாப்பாட்டுக்குப் பேர் வைப்பது சகஜம். உருளைக்கிழங்கைத் தெலுங்கில் பங்காளாதும்ப என்பார்கள், வங்காளத்துக் கிழங்கு. செக்கில் அதே உருளைக்குப் பேர் 'பிராம்போரி', ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பேரிலிருந்து வந்தது. ஆகவே ஜாவா அரிசி என்று ஒன்று இருந்திருக்கக் கூடாது என்றில்லை. இருந்திருந்தால் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஜாவாவின் நிழல் கொஞ்சமாவது விழுந்திருக்க வேண்டும்.

தெலுங்கில் ஜவ்வரிசி 'சக்குபிய்யம்' (ககரத்தை அழுத்தாமல், 'அக்கா'வில் வருகிற மாதிரி இல்லாமல், 'பக்கி' வண்டியில் வருகிற மாதிரி சொல்லுங்கள்). பிய்யம் என்றால் அரிசி. மீதி 'சக்கு'. அந்தப் பனைக்கும் அதன் மாவுக்கும் மலாய் மொழியில் பேர் 'சாகு'. ஆங்கிலத்தின் சேகோவும் அங்கிருந்து வந்ததுதான். தெலுங்கில் மலாய்ச் சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கன்னடத்தில்? அஜ்ஜி வீட்டில் பண்டிகைக்குப் பாயசம் வைக்கும்போது கேட்ட வார்த்தை: 'ஸப்பக்கி'. அக்கி என்றால் அரிசி. மீதி 'ஸப்'.

தமிழில்? நாம் இன்று ஜ போட்டு எழுதுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் தேடினால் 'சவ்வரிசி' என்று சகரத்தில் கிடைக்கும். யாழ்ப்பாணத்தார் இன்றும் சவ்வரிசி என்றே எழுதுகிறார்கள். சிங்களத்திலும் அது 'சவ்'. ஜகரம் பிற்பாடு ஏறிய பூச்சு. அந்தப் பூச்சைத்தான் நான் ஜாவா என்று படித்தேன்.

சாகு எப்படிச் சவ் ஆகும்? நம் வாயையே கேட்டால் தெரியும். போகுது என்பதைப் போவுது என்கிறோம். ஆகாது ஆவாது. சாகறான் சாவறான். இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிய ககரம் பேச்சில் வகரமாகிவிடும். சாகு அரிசி, சாவரிசி, சவ்வரிசி. அந்த வகரம் கன்னடத்தில் பகரமாகவும் நியாயம் இருக்கிறது. நம் வெல்லம் அங்கே பெல்ல, வெண்ணெய் பெண்ணெ, வேர் பேரு. சொல் முதலில் அப்படி என்றால் நடுவில் ஸவ் என்பது ஸப் ஆனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இந்தக் கடைசிப் படி என் கணிப்பு. மற்றதெல்லாம் அகராதியிலும் கடைத்தெருவிலும் யாரும் சரிபார்க்கலாம்.

கப்பல் வழியும் ஜாவாவுக்குச் சாதகமாக இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் சுமத்ரா, போர்னியோவிலிருந்து வந்த மாவைச் சிங்கப்பூரில்தான் உருட்டி முத்தாக்கி ஏற்றுமதி செய்தார்கள். அந்த ஆலைகள் இருந்த தெரு சைனாடவுனில் இன்றும் சேகோ தெரு.

மூன்று மொழிக்காரரும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்: புதுச் சரக்கின் அயல் பேரை வாங்கி, கூடவே தங்கள் வீட்டு அரிசியை ஒட்டிவிட்டார்கள். மிளகாயிலும் இதே கதைதான். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தபோது நாம் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றோம். கன்னடத்தில் மெணசினகாயி, தெலுங்கில் மிரபகாய. அங்கேயும் மிளகு, காய். பக்கத்துப் பக்கத்துச் சந்தையில் நின்றவர்கள் ஒருவர் வைத்த பேரைப் பார்த்து இன்னொருவர் வைத்திருப்பார்கள்.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. மேலே சிவப்பில் 'இது தப்பு' என்று போட்டு இங்கே வரும்படி செய்திருக்கிறேன். தங்கை மகளிடம் சொன்னபோது, "மாமா, பரிசைத் திருப்பிக் கேப்பாங்களா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. கேட்க மாட்டார்கள் என்று உறுதி கொடுத்த பிறகு, இரண்டாவது சார்ட் எழுத ஒப்புக்கொண்டாள். நடுவில் பனைமரம், சுற்றி நாலு மொழி. ஹாலு வரிசையையும் ஓர் ஓரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அஜ்ஜி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. பேரன் இப்போது நாலு விசைத்தறி வைத்திருக்கிறான். போன வாரம் அவனைக் கூப்பிட்டு, ஸப்பக்கியா சப்பக்கியா, எப்படிச் சொல்வீர்கள் என்று உச்சரிப்பைச் சரிபார்க்கக் கேட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அஜ்ஜிதான்டா அப்படிச் சொல்லும். எங்க வீட்டுல இப்ப ஜவ்வரிசின்னுதான் சொல்றோம். பசங்களுக்குக் கன்னடமே வராது." அப்புறம் அவனே கேட்டான், "ஆமா, ரெண்டாங்கிளாஸ்ல ஆலுன்னு சொல்லி மாட்டினது ஞாபகம் இருக்கா உனக்கு?"

இருக்கிறது என்றேன். நானும் சிரித்தேன் என்பதையும் சொன்னேன். "தெரியும்டா" என்றான்.